நினைவு தவறிய பின் யார் பேசுவது?

2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு குடும்பத்தின் மேல்முறையீடு வந்தது. கணவர் கோமாவில் கிடக்கிறார். வைத்தியத்துக்கும் குடும்பத்துக்கும் பணம் வேண்டும். சென்னையிலேயே ஒரு கோடி ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள சொத்து இருக்கிறது. ஆனால் அது கணவர் பெயரில் இருக்கிறது; அவரால் கையெழுத்துப் போட முடியாது. தன்னைக் காப்பாளராக நியமிக்கும்படி மனைவி கேட்டபோது, சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லித் தனி நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்திருந்தார். நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், பி.பி.பாலாஜி அமர்வு அந்த உத்தரவை ரத்து செய்து மனைவியைக் காப்பாளராக நியமித்தது. விற்று வரும் பணத்தில் ஒரு பகுதியைக் கணவர் பெயரிலேயே வைப்புத்தொகையாகப் போட வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது.

நல்ல தீர்ப்பு. ஆனால் அதைப் படித்து முடித்ததும் ஒரு கேள்வி எழுகிறது. கணவரின் சொத்தைக் கணவரின் வைத்தியத்துக்கே செலவழிக்க, கட்டிய மனைவி உயர் நீதிமன்றம் வரை ஏன் அலைய வேண்டியிருந்தது? இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு அந்தக் கேள்வியைப் பற்றியதுதான். உயில் எழுதுவதைப் பற்றி வீடுகளில் ஓரளவு பேச்சு உண்டு. உயிலுக்கு உயிர் வருவது ஒருவர் இறந்த பிறகு. அதற்கு முன்பு, உடல் இருந்தும் நினைவு இல்லாத ஒரு காலம் பலருக்கு வருகிறது. சிலருக்கு அது நாள்கணக்கு, சிலருக்கு ஆண்டுக்கணக்கு. அந்தக் காலத்துக்கு யாரும் ஏற்பாடு செய்து வைப்பதில்லை.

"முன்னாடியே ஒரு பவர் எழுதி வாங்கியிருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது" என்று இதைக் கேட்பவர்களில் பாதிப்பேர் சொல்வார்கள். அது சரியல்ல, இந்த விஷயத்தில் பரவலாக இருக்கும் மிகப் பெரிய தவறான நம்பிக்கையும் அதுதான். பவர் மூலம் முகவருக்குக் கொடுத்த அதிகாரம் எப்போதெல்லாம் முடிவுக்கு வரும் என்பதை 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவில் சொல்கிறது. கொடுத்தவர் ரத்து செய்தால் முடியும். எடுத்த வேலை நிறைவேறினால் முடியும். இருவரில் ஒருவர் இறந்தால் முடியும். இருவரில் ஒருவர் சித்த சுவாதீனம் இழந்தாலும் முடியும்.

கடைசியாகச் சொன்னதைக் கவனிக்க வேண்டும். மறதி நோய் முற்றிய அம்மாவுக்காக, பக்கவாதத்தில் நினைவிழந்த அப்பாவுக்காக, விபத்தில் மூளை அடிபட்ட கணவருக்காகத்தான் பவர் தேவைப்படுகிறது. சட்டப்படி அந்த நாளில்தான் அது செத்துப் போகிறது. முகவருக்கே அந்தச் சொத்தில் ஓர் உரிமை இருக்கும் ஏற்பாடுகளுக்கு 202ஆம் பிரிவு விலக்கு தருவது உண்மை. அம்மாவின் வீட்டு வாடகையை வாங்கி அம்மாவுக்கே செலவழிக்கும் மகளின் பவர் அந்த விலக்குக்குள் வராது.

தமிழ்நாட்டில் பவர் என்ற சொல் அறியாதவர் இல்லை. துபாயில் வேலை செய்யும் மகன் ஊரில் மனை விற்க அண்ணனுக்குப் பவர் எழுதுகிறார். நில வணிகத்தில் 'பவர் ஏஜெண்ட்' என்பது ஒரு தொழிலாகவே இருக்கிறது. கிரயப் பத்திரம் எழுதாமல் பொது அதிகாரப் பத்திரத்தை வைத்தே நிலத்தைக் கைமாற்றும் பழக்கம் நாடு முழுவதும் பரவி, 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படிச் செய்வதால் உரிமை மாறாது என்று அறுதியிட்டுச் சொல்ல வேண்டிவந்தது. பவர் ஏஜெண்ட் ஒருவர் கிரயம் எழுதிக் கொடுக்க வரும்போது, பவர் கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கான சான்றை நம் பதிவு அலுவலகங்கள் கேட்கின்றன. இறந்தவர் பெயரில் நடந்த மோசடிகளைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் உயிரோடு இருப்பவருக்கு நினைவும் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. குடும்பங்களும் அதைக் கேட்காமலே கடந்து போகின்றன. மறதி நோயில் ஐந்தாறு ஆண்டுகளாகப் பெயர்கூடத் தெரியாமல் இருக்கும் ஒருவரின் பவரை வைத்துப் பிள்ளைகள் நல்லெண்ணத்தோடுதான் காரியம் பார்ப்பார்கள். பங்காளிகளில் ஒருவர் வழக்குப் போட்டால் அத்தனை காரியமும் கேள்விக்குள்ளாகும்.

இந்த விதி எங்கிருந்து வந்தது? பழைய இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து. எஜமானுக்கே செய்ய முடியாததை அவருடைய ஆள் எப்படிச் செய்ய முடியும் என்ற தர்க்கம். பொருளை விற்கவும் கடன் வசூலிக்கவும் ஆள் வைத்த வணிகர்களின் காலத்துக்கு அது பொருந்தியது. மக்கள் எண்பது, தொண்ணூறு வயது வரை வாழத் தொடங்கியதும் பொருந்தவில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் 1954லேயே, கொடுத்தவர் நினைவிழந்த பிறகும் நீடிக்கும் பவருக்கு வழிசெய்தது. விதியைப் பெற்றெடுத்த இங்கிலாந்தே 1985இல் தனிச் சட்டம் இயற்றி அதைத் தளர்த்தியது. 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டத்தின் மூலம், சொத்தோடு மருத்துவத்தையும் நலவாழ்வையும் சேர்த்தே ஒருவரிடம் ஒப்படைக்கலாம் என்று விரிவாக்கியது. இரவல் வாங்கிய இந்தியாவோ இன்னும் 1872இல் நிற்கிறது.

தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்கும் சிங்கப்பூரின் அனுபவம் இந்த இடத்தில் விரிவாகப் பார்க்கத் தகுந்தது. அங்கே 2008இல் நிறைவேறிய மனத்திறன் சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்தது. இருபத்தொரு வயது நிறைந்த எவரும், புத்தி தெளிவாக இருக்கும்போதே, பின்னாளில் தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரையோ பலரையோ நியமித்து வைக்கலாம். எழுதிக் கொடுப்பவர் விஷயத்தைப் புரிந்துகொண்டுதான் கையெழுத்திடுகிறாரா, யாராவது மிரட்டுகிறார்களா என்று ஒரு வழக்கறிஞரோ அங்கீகாரம் பெற்ற மருத்துவரோ மனநல மருத்துவரோ பேசிப் பார்த்துச் சான்று தர வேண்டும். பிறகு அந்தப் பத்திரம் பொதுக் காப்பாளர் அலுவலகத்தில் பதிவாகும். அது வேலை செய்யத் தொடங்குவது நினைவு தவறிய பிறகுதான்.

இவ்வளவு இருந்தும் அங்கே ஒரு பெரிய தவறு நடந்தது. கணவரை இழந்த, பெரும் சொத்துள்ள மூதாட்டி ஒருவர், சுற்றுலா வழிகாட்டியாக அறிமுகமாகி அவர் வீட்டிலேயே குடியேறிவிட்ட வெளிநாட்டவர் ஒருவருக்கு 2012இல் இந்தப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தார். மூதாட்டியின் உறவினர் நீதிமன்றத்துக்குப் போக, 2014இல் பத்திரம் ரத்தானது. 11 லட்சம் சிங்கப்பூர் வெள்ளியைக் கையாடல் செய்த குற்றத்துக்காக அந்த ஆள் சிறைக்குப் போனார். இந்தச் சம்பவத்தைக் காட்டி, இப்படி ஒரு சட்டமே ஆபத்து என்று வாதிடலாம். உண்மை வேறு. பதிவேடு இருந்தது, கேள்வி கேட்க ஓர் அலுவலகம் இருந்தது, ரத்து செய்ய ஒரு நீதிமன்ற வழி இருந்தது. நம் ஊரில் இதே ஏமாற்று, தட்டிக்கேட்க ஓர் இடம்கூட இல்லாமல், வெற்றுக் காசோலையில் வாங்கிய கையெழுத்திலும் கைநாட்டுப் போட்ட முத்திரைத்தாளிலும் நடந்துகொண்டிருக்கிறது.

இந்தியாவில் காப்பாளர் சட்டங்களே இல்லையா என்றால், உண்டு. 1890ஆம் ஆண்டுச் சட்டம் சிறார்களுக்கானது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம் போன்ற குறைபாடுகளோடு வாழ்பவர்களுக்கானது. 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தில் சொத்தை நிர்வகிக்க ஆள் நியமிக்கும் அத்தியாயம் ஒன்று இருந்தது. அதை நீக்கிவிட்டு வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் பல நல்ல காரியங்களைச் செய்தாலும் சொத்து நிர்வாகத்தைத் தொடவில்லை. நேற்றுவரை நன்றாக இருந்து இன்று கோமாவில் விழுந்தவர் இவற்றில் எதிலும் அடங்கமாட்டார். அதனால்தான் கேரள உயர் நீதிமன்றம் 2019இல் ஷோபா கோபாலகிருஷ்ணன் வழக்கில், கோமாவில் இருப்பவர்களுக்குக் காப்பாளர் நியமிக்கத் தானே நெறிமுறைகள் வகுத்தது. சென்னைத் தீர்ப்பும் அந்த வழியில் வந்ததுதான். சட்டமன்றமும் நாடாளுமன்றமும் விட்ட இடத்தை நீதிமன்றங்கள் ஒவ்வொரு குடும்பமாக நிரப்பிக்கொண்டிருக்கின்றன.

சட்டம் வரும்வரை குடும்பங்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. வங்கிக் கணக்கைக் கணவன் மனைவி பெயரில் 'இருவரில் எவரும் அல்லது உயிரோடு இருப்பவர்' என்ற முறையில் வைத்திருந்தால், ஒருவர் படுத்துவிட்டாலும் மற்றவர் பணம் எடுக்க முடியும். நாமினி போட்டிருப்பது இதற்கு உதவாது. 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம் என்று சட்டம் மாறியிருக்கிறது. நாலு பேர் இருந்தாலும் கணக்குக்காரர் இறந்த பிறகுதான் அவர்களுக்கு வேலை. நினைவு இருந்து கை மட்டும் வராதவர்களுக்கு ரிசர்வ் வங்கி ஒரு வழி வைத்திருக்கிறது. பெருவிரல் ரேகையோ கால் விரல் ரேகையோ வைத்துப் பணம் எடுக்கலாம். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அவர்களில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும். ரேகை வைக்கவும் முடியாதவர் ஏதேனும் ஒரு குறி போட்டாலும் செல்லும். கட்டிலில் கிடக்கும் பெரியவரின் காலில் மை தடவும் பிள்ளைகளுக்கு இந்த விதி தெரிந்திருந்தால், "நேரில் கூட்டிக்கொண்டு வாங்க" என்று சொல்லும் கவுண்டரில் தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்காது.

இனி மருத்துவம்.

இங்கே நிலைமை தலைகீழ். நினைவு தவறிய பிறகும் செல்லக்கூடிய ஆவணம் ஒன்றை மருத்துவத்துக்கு இந்தியச் சட்டம் அனுமதிக்கிறது. அதை எழுதி வைப்பவர்கள்தான் அரிது. அனுமதி வந்த கதை நீளமானது. மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973 நவம்பரில் பணியிடத்திலேயே தாக்கப்பட்டு நினைவிழந்தார். எழுத்தாளர் பிங்கி விரானி அவருக்காகத் தொடுத்த மனுவில் 2011 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அருணாவுக்குத் தரப்பட்டுவந்த ஊட்டத்தை நிறுத்த அது மறுத்தது. அதே தீர்ப்பில், மீள வழியே இல்லாத நிலையில் உயிர்காப்புச் சிகிச்சையை விலக்குவது உயர் நீதிமன்ற அனுமதியோடு நடக்கலாம் என்றும் சொன்னது. அந்த மருத்துவமனையின் செவிலியர்கள் தலைமுறை தலைமுறையாக அவரைப் படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்டார்கள். 2015 மே மாதம் நிமோனியாவில் அவர் இறந்தபோது 41 ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருந்தன. அருணா எதை விரும்பியிருப்பார் என்று வாதங்கள் நடந்தன. அவர் வாய்ச்சொல்லாகவோ எழுத்தாகவோ ஒரு வரிகூட யாரிடமும் இல்லை. இருபத்தைந்து வயதில் யார் எழுதி வைப்பார்கள்?

'காமன் காஸ்' என்ற அமைப்பு 2005இல் போட்ட வழக்கில், 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, கண்ணியமாக இறப்பதும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. லிவிங் வில் எனப்படும் மருத்துவ விருப்ப ஆவணத்துக்கு அன்றுதான் இந்தியாவில் சட்ட மதிப்பு வந்தது. ஆனால் முதல் வகுப்புக் குற்றவியல் நடுவர் அதில் மேலொப்பம் போட வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. நடைமுறையில் ஆவணம் முடங்கிவிட்டது. தீவிர சிகிச்சை மருத்துவர்களின் சங்கம் மறுபடி நீதிமன்றப் படியேறியது. 2023 ஜனவரியில் விதிகள் எளிதாக்கப்பட்டன.

இப்போதைய முறை இது. பதினெட்டு வயது நிறைந்து, புத்தி தெளிவாக இருக்கும் எவரும், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதலாம். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்றொப்பம் வாங்கினால் போதும். தன் சார்பில் சம்மதம் சொல்ல வேண்டியவர்களின் பெயர்களை அதில் குறிப்பிட வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்டவர்களையும் குறிப்பிடலாம். ஒரு நகல் அவர்களுக்கு, ஒன்று குடும்ப மருத்துவருக்கு, ஒன்று மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியில் இதற்கெனப் பொறுப்பாக்கப்பட்ட அலுவலருக்கு. எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் ரத்து செய்யலாம், மாற்றலாம். ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தால் கடைசியாகக் கையெழுத்திட்டதே செல்லும்.

ஆவணத்தைக் காட்டியதும் யாரும் வெண்டிலேட்டரை அணைத்துவிட மாட்டார்கள். சிகிச்சை தரும் மருத்துவரும் ஐந்தாண்டு அனுபவமுள்ள இரு நிபுணர்களும் கொண்ட முதல் குழு பார்க்க வேண்டும். அவர்கள் ஒப்புக்கொண்டால், மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவரும் வேறு இரு நிபுணர்களும் கொண்ட இரண்டாவது குழு பார்க்க வேண்டும். ஒவ்வொரு குழுவும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். பெயர் குறிப்பிடப்பட்டவர்கள் சம்மதிக்க வேண்டும். குற்றவியல் நடுவருக்குத் தகவல் போக வேண்டும். குழுக்கள் மறுத்தால் உயர் நீதிமன்றத்தை நாடலாம். ஊசி போட்டு உயிரை முடிப்பதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது இந்தியாவில் குற்றம்.

இத்தனை காவல் எதற்கு என்று கேட்பவர்கள் விருதுநகர், மதுரைப் பக்கம் தலைக்கூத்தல் என்ற சொல்லைக் கேட்டிருப்பார்கள். படுத்த படுக்கையான முதியவருக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளிர்ந்த நீரூற்றி, இளநீர் கொடுத்து, சாகவிடும் வழக்கம். கருணை என்று அதற்குப் பெயர் சூட்டப்பட்டாலும் அது கொலைதான். அந்த முதியவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. பராமரிக்கக் காசும் ஆளும் இல்லாத வீட்டில், வாய் பேச முடியாதவரின் விருப்பத்தை மற்றவர்கள் தாங்களாகவே எழுதிக்கொள்ளும் ஆபத்து நம் மண்ணில் கற்பனையானதல்ல. சம்பந்தப்பட்டவர் தன் கையால், தெளிந்த புத்தியோடு எழுதிய ஆவணத்துக்கு இத்தனை மதிப்பு இருப்பது அதனால்தான். எதை நிறுத்த வேண்டும் என்று அது சொல்வதுபோலவே, எதையும் நிறுத்தக் கூடாது என்றும் அது சொல்லலாம்.

எதிர்ப்பக்க ஆபத்தும் அதே அளவு நிஜம். பெரிய மருத்துவமனைகளின் ஐ.சி.யூ. வாசலில் நாற்காலிகளில் நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களை எவரும் பார்த்திருக்கலாம். உள்ளே தொண்டையில் குழாய், மூக்கில் குழாய், கட்டிலோடு கட்டிய கைகள். வெளியே, நகை அடகு வைத்த சீட்டுகள். எந்த டாக்டரும் "போதும்" என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. எந்தப் பிள்ளையும் முதலில் சொல்லத் துணிவதில்லை. கடைசியில் பணம் தீரும் நாளன்று, மருத்துவ ஆலோசனைக்கு மாறாகச் சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போகிறார்கள். ஆம்புலன்ஸில் ஒருவர் பலூனைக் கையால் அழுத்திக்கொண்டே வருகிறார். வீட்டுத் திண்ணைக்கு வந்ததும் குழாய் உருவப்படுகிறது. வலிக்கு மருந்து இல்லை, மூச்சுத் திணறலுக்கு மருந்து இல்லை, பக்கத்தில் டாக்டர் இல்லை. சட்டத்துக்குப் பயந்து நாடு பழகிக்கொண்ட வழி இது. இதைவிட இரக்கமற்ற ஒன்றை வேண்டுமென்றே திட்டமிட்டாலும் செய்ய முடியாது.

இந்த நிலை மெல்ல மாறிவருகிறது. 2020இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், இதயத்துடிப்பு நின்றால் மீட்பு முயற்சி வேண்டாம் என்ற முடிவை எப்படி எடுப்பது என நெறிமுறை தந்தது. 2024இல் மத்திய சுகாதாரத் துறை உயிர்காப்புக் கருவிகளை விலக்குவது பற்றிய வரைவை வெளியிட்டது. 2025 ஜனவரியில் கர்நாடக அரசு, உச்ச நீதிமன்ற நெறிமுறையை மருத்துவமனைகளில் நடைமுறைப்படுத்தச் சுற்றறிக்கை அனுப்பியது. மகாராஷ்டிரத்தில் டாக்டர் நிகில் தாதர் தொடுத்த பொதுநல வழக்கைத் தொடர்ந்து, ஆவணங்களை வாங்கி வைக்க உள்ளாட்சி அலுவலர்கள் நியமிக்கப்பட்டார்கள். கோவாவில் உயர் நீதிமன்ற நீதிபதி எம்.எஸ்.சோனக் தம் ஆவணத்தை 2024இல் பகிரங்கமாகவே பதிவு செய்தார்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வலி தணிப்புச் சிகிச்சையையும் வீட்டுவாசலுக்குக் கொண்டுபோகிறது. படுத்த படுக்கையாய் இருப்பவரை மாதாமாதம் பார்க்கும் செவிலியரைவிட, "உங்களுக்கு முடியாமல் போனால் என்ன செய்யச் சொல்கிறீர்கள், யாரைக் கேட்கச் சொல்கிறீர்கள்?" என்று கேட்கப் பொருத்தமானவர் வேறு யார்? அந்தக் கேள்வியையும் அவர்களுடைய படிவத்தில் அரசு சேர்க்க வேண்டும்.

ஆவணத்தில் என்ன எழுதுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். "எனக்கு வெண்டிலேட்டர் வேண்டாம்" என்று ஒரே வரியில் எழுதுபவர்கள் உண்டு. அது ஆபத்தான வரி. நிமோனியாவுக்கு நான்கு நாள் வெண்டிலேட்டரில் இருந்துவிட்டு நடந்து வீடு திரும்புபவர்கள் ஏராளம். தெளிவில்லாத ஆவணத்தை மருத்துவக் குழு ஏற்க வேண்டியதில்லை என்றும் 2018 தீர்ப்பு சொல்கிறது. கருவியின் பெயரைவிட நிலைமையை எழுதுவதே நல்லது. ஓர் ஆவணத்தின் நடுப்பகுதி இப்படி அமையலாம்:

"குணமாகும் வாய்ப்பு இருக்கும்வரை எல்லாச் சிகிச்சையும் தரவும். என் பிள்ளைகளை அடையாளம் தெரிந்து அவர்களோடு ஏதோ ஒரு வகையில் பேசும் நிலைக்கு நான் திரும்பப் போவதில்லை என்று இரண்டு மருத்துவக் குழுக்களும் முடிவு செய்தால், மூச்சுக்குழாய், டயாலிசிஸ், நெஞ்சை அழுத்தி மீட்பது ஆகியவை வேண்டாம், தொடங்கியிருந்தால் நிறுத்தவும். வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் மார்பின் உட்படத் தேவையான மருந்தைத் தயங்காமல் தரவும். முடிந்தால் வீட்டில் வைத்துக்கொள்ளவும். இங்கே எழுதாத ஒரு நிலைமை வந்தால் என் மூத்த மகளின் முடிவே என் முடிவு. அவள் எடுக்கும் முடிவுக்காக யாரும் அவளைக் குறை சொல்லக் கூடாது."

அந்தக் கடைசி வாக்கியத்துக்குச் சட்ட மதிப்பு எதுவும் கிடையாது. ஆனால் கருமாதி முடிந்த வீட்டில், பத்து வருடம் கழித்தும் தம்பிகள் வாய் திறக்காமல் இருக்கச் செய்வது அந்த வாக்கியம்தான்.

மூத்த மகளுக்கு அம்மாவின் மனம் தெரியுமா? தெரியும் என்று எல்லாரும் நம்புகிறார்கள். 2006இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பதினாறு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நோயாளி எந்தச் சிகிச்சையை விரும்புவார் என்று நெருங்கிய உறவினர்கள் சரியாகச் சொன்னது 68 விழுக்காடுதான். மூன்றில் ஒரு முறை தவறு. நோயாளியே தேர்ந்தெடுத்த உறவினர் என்றாலும் கணிப்பு மேம்படவில்லை. அதே சமயம், ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 80 வயது கடந்த 309 உள்நோயாளிகளிடம் நடந்த சோதனை 2010இல் வேறொன்றைக் காட்டியது. பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளியையும் குடும்பத்தையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசி, முடிவுகளைக் குறித்தும் வைத்த பிரிவில், ஆறு மாதத்துக்குள் இறந்தவர்களில் 86 விழுக்காட்டினரின் விருப்பம் தெரிந்திருந்தது, நிறைவேறவும் செய்தது. பேச்சு நடக்காத பிரிவில் அது 30 விழுக்காடு. பேச்சு நடந்த பிரிவில், துக்கத்தில் இருந்த குடும்பத்தாரிடம் மன அழுத்தமும் பதற்றமும் குறைவாக இருந்தன.

இரண்டு ஆய்வுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், ஊகித்துவிடுவார்கள் என்று விட்டுவிடுவது பயன் தராது என்பது புரியும். உட்கார்ந்து பேச வேண்டும். பேசியதைக் குறித்து வைக்க வேண்டும். எழுதாததற்கு முடிவெடுக்கும் உரிமையை ஒருவரிடம் வெளிப்படையாகக் கொடுத்துவிட வேண்டும். நம் வீடுகளில் இந்தப் பேச்சு நடப்பதே இல்லை. "அபசகுனமாப் பேசாதீங்க" என்று அப்பாவின் வாயை அடைக்கும் பிள்ளைகள், அவர் நினைவிழந்த பின் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வராதா என்று தவிக்கிறார்கள். அம்மாவை யாரும் கேட்பதே இல்லை. அறுபது ஆண்டுகள் அந்த வீட்டில் மற்றவர் விருப்பத்துக்குச் சமைத்தவருக்கு, தன் உடம்பைப் பற்றி ஒரு விருப்பம் இருக்கும் என்ற எண்ணமே வருவதில்லை.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் மூத்த மகன் என்ற மரபைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. அமெரிக்காவில் இருக்கும் மகன், விமானம் ஏறி வந்து சேரும்வரை எல்லாவற்றையும் செய்யுங்கள் என்றுதான் சொல்வான். குற்ற உணர்ச்சி அப்படிச் சொல்லவைக்கும். டாக்டரிடம் நிதானமாகக் கேள்வி கேட்கத் தெரிந்தவர், அழுதாலும் முடிவெடுக்கக் கூடியவர், பக்கத்தில் இருப்பவர், இந்த மூன்றும் பொருந்துபவர் மருமகளாகக்கூட இருக்கலாம். திருமணம் செய்துகொள்ளாதவர்கள், பிள்ளைகள் இல்லாதவர்கள், குடும்பம் கைவிட்ட திருநர்கள் ஆகியோருக்கு இந்த ஆவணம் மற்றவர்களைவிடப் பல மடங்கு தேவை. அது இல்லாவிட்டால், இருபது ஆண்டுகள் பேசாத ஒரு சித்தப்பா மகன் ரத்த உறவு என்ற தகுதியில் கையெழுத்துப் போட வந்து நிற்பார்.

மனநோய்க்கும் தனி வழி இருக்கிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மனநலம் குன்றினால் எந்த முறையில் தன்னைப் பராமரிக்க வேண்டும், எந்த முறையில் கூடாது என்று வயதுவந்த எவரும் எழுதி வைக்கலாம். தன் பிரதிநிதிகளை வரிசைப்படி நியமிக்கலாம். நோயின் நடுவே தெளிவான காலங்கள் வந்து போகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

இந்தச் சட்டங்களுக்கு நடுவே ஒரு பெரிய இடைவெளி மிஞ்சுகிறது. மறதி நோயின் நடுக்கட்டத்தில் இருக்கும் 78 வயதுப் பெண்மணி குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார். அறுவைச் சிகிச்சை செய்யலாமா, எந்த மருத்துவமனை, பிறகு அவர் எந்தப் பிள்ளையோடு இருப்பது, செலவுக்கு அவருடைய வைப்புத்தொகையை உடைக்கலாமா? அவர் சாகும் நிலையில் இல்லை. எனவே 2018 தீர்ப்பின் ஆவணம் பேசாது. அவருக்குச் சித்த சுவாதீனம் இல்லை. எனவே அவர் கொடுத்த பவர் செல்லாது. முதுமையின் பெரும்பகுதி கழிவது இந்த இடைவெளியில்தான். 201ஆம் பிரிவைத் திருத்தி, நினைவிழப்புக்குப் பின்னும் நீடிக்கும் பவரை அனுமதிப்பது, அதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது, எழுதிக் கொடுப்பவரிடம் தனியாகப் பேசி மருத்துவர் சான்று தருவது, ஆண்டுக்கொரு முறை கணக்குக் காட்ட வைப்பது, புகார் வந்தால் மாவட்ட நீதிமன்றமே ரத்து செய்வது என ஒரு சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியாக வேண்டும். ஒப்பந்தம் பொதுப்பட்டியலில் இருப்பதால், குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு தமிழ்நாடு சட்டமன்றமே முந்திக்கொண்டு திருத்தம் கொண்டுவரவும் வழி இருக்கிறது. முதியோர் தொகை வேகமாகப் பெருகும் மாநிலங்களில் ஒன்று இது, காத்திருக்க நியாயமில்லை.

ஆவணம் எழுதியவர்கள் அதை எங்கே வைக்கிறார்கள் என்பதும் முக்கியம். பலர் பத்திரமாக இருக்கட்டும் என்று வங்கி லாக்கரில் வைத்துவிடுகிறார்கள். லாக்கர் எழுதியவர் ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால், அதைத் திறக்க அவரேதான் வர வேண்டும். அசல் வீட்டில், கேஸ் புத்தகமும் ரேஷன் அட்டையும் இருக்கும் அதே பெட்டியில் இருக்கட்டும். பெயர் குறிப்பிடப்பட்டவர்களின் கைப்பேசியில் அதன் படம் இருக்கட்டும். நீரிழிவு மருத்துவரோ இதய மருத்துவரோ, வழக்கமாகப் பார்ப்பவரின் கோப்பில் ஒரு நகல். மாநகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில் ஒரு நகலைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறையோ, புதிய நோய் ஒன்று தெரியவரும்போதோ எடுத்துப் படித்துப் பார்த்து, மனம் மாறியிருந்தால் புதிதாக எழுதிக் கையெழுத்திட்டு, பழைய நகல்களைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிட வேண்டும்.